ஏழு அங்குலத் தட்டும் அதன் அச்சும்: திருகோணமலையில் அரிய இசைத்தட்டு சேர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

பழைய இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்ததும் பலரும் முதலில் வாசிப்பது லேபலை. பாட்டின் பெயர், படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. விலையைச் சொல்லும் எழுத்து பெரும்பாலும் அங்கே இல்லை. கடைசிப் பாட்டின் வரி முடிகிற இடத்துக்கும் லேபலுக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக ஒரு வெறும் கறுப்பு வளையம் இருக்கும். அங்கே ஊசியால் கீறியதுபோல, அல்லது சிறு ஆணியால் குத்தியதுபோல, சில எழுத்துகளும் எண்களும் தெரியும். சேகரிப்பவர் வாசிக்கக் கற்க வேண்டிய முதல் எழுத்து அதுதான்.

ஒரே பாட்டு பல தடவை அச்சாகிறது. முதல் அச்சு, மறு அச்சு, வானொலிக்கு மட்டும் கொடுத்த அச்சு, வெளியாகும் முன்னரே அழிக்கப்பட்ட அச்சு, வேறு நாட்டு அச்சு என்று வகைகள் உண்டு. பாட்டை விரும்புபவருக்கு எதுவானாலும் சரி. சேகரிப்பவருக்கு ஒவ்வொன்றும் வேறு பொருள். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது, வாங்குமுன் சோதிப்பது, கடற்காற்றும் மாரி மழையும் உள்ள இந்த ஊரில் கெடாமல் வைப்பது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

எதைச் சேர்க்கிறோம்

ஏழு அங்குலத் தட்டை நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்ரர். பிரித்தானியாவில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் 1952இல்தான் அந்த வேகத்துக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு இருந்தால் சிங்கிள். இரண்டிரண்டாக நான்கு பாட்டு இருந்தால் ஈ.பி. நம் வீடுகளில் கிடைக்கும் தமிழ்ப் படப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவை, படத்தின் நிழற்படம் அச்சிட்ட அட்டையோடு வந்த ஈ.பி.க்கள். இரண்டையும் சேகரிப்பவர்கள் ஒரே பெட்டியில் வைப்பது வழக்கம். இந்த வழிகாட்டியும் அப்படியே செய்கிறது.

நடுத்துளையைப் பாருங்கள். அமெரிக்கச் சிங்கிள்களில் அது பெரிய துளை, ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இந்திய, பிரித்தானியத் தட்டுகளில் சாதாரணச் சிறிய துளை. ஆனால் பல பிரித்தானியத் தட்டுகளில் நடுப்பகுதியைக் கழற்றி எடுக்கலாம். காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் பழைய ஜூக்பொக்ஸ் இயந்திரத்துக்காக அப்படிச் செய்தார்கள். 1950களின் பல பிரித்தானிய அச்சுகளில் அந்த நடுப்பகுதி முக்கோண வடிவில் இருக்கும். அதே பாட்டின் பிந்திய அச்சில் வட்டமாகிவிடும். முக்கோண நடு முந்திய அச்சுக்கு நல்ல சாட்சி. அது உடைந்து விழுந்திருந்தால் விலையும் பெருமளவு விழும்.

78 சுழற்சித் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. வேறு உலகம், வேறு ஊசி. ஆனால் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். மேலைநாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் கிராமபோன் கொம்பனியின் கல்கத்தா டம்டம் தொழிற்சாலை அதை அச்சிட்டது. மின்சாரம் இல்லாத இடங்களில் கைச்சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். அதனால்தான் இங்கிலாந்தின் பீற்றில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்தன. உலகச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்களில் அவையும் சேரும். பழைய அலுமாரியில் கனமான பத்து அங்குலத் தட்டு, பார்லபோன் லேபல், ஆங்கிலப் பாட்டு என்று கண்டால் இருமுறை பாருங்கள்.

அச்சு எப்படி உருவாகிறது

இது தெரியாமல் வளையத்து எழுத்து புரியாது. முதலில் லக்கர் பூசிய மென்மையான தட்டில் ஒலி வெட்டப்படுகிறது. அதன்மேல் வெள்ளியும் நிக்கலும் படியவைத்து உரித்தால் வரிகள் மேடாகத் தெரியும் உலோகத் தகடு கிடைக்கும், அது தந்தை. தந்தையிலிருந்து தாய். தாயிலிருந்து ஸ்ராம்பர் எனும் அழுத்தும் தகடு. வைனில் என்ற பிளாஸ்டிக்கின் சூடான உருண்டையை இரண்டு ஸ்ராம்பர்களுக்கு நடுவே வைத்து நசுக்கினால் தட்டு. ஒரு ஸ்ராம்பர் ஆயிரம் இரண்டாயிரம் தட்டுகளுக்குள் மழுங்கத் தொடங்கும். ஒரே தாயிலிருந்து பல ஸ்ராம்பர் எடுக்கலாம், ஒரே தந்தையிலிருந்து பல தாய். பாட்டு நன்றாக விற்றால் இந்தக் குடும்பம் பெருகும். ஒவ்வொரு தலைமுறைக்கும் அடையாளம் வளையத்தில் விழும்.

பிரித்தானிய ஈ.எம்.ஐ. தட்டுகளில் இந்த அடையாளம் மிக ஒழுங்காக இருக்கிறது. தட்டைக் கடிகார முகமாக நினைத்துப் பிடியுங்கள். 6 மணி இடத்தில் அந்தப் பக்கத்துப் பதிவை அடையாளப்படுத்தும் மட்ரிக்ஸ் எண். அதன் கடைசியில் கோடு போட்டு 1, 2 என்று வருவது எத்தனையாவது வெட்டு என்பதைச் சொல்கிறது. 9 மணி இடத்தில் உள்ள எண் தாயின் எண். 3 மணி இடத்தில் ஓர் எழுத்து அல்லது இரண்டு மூன்று எழுத்துகள். அது ஸ்ராம்பர் எண். கிராமபோன் லிமிடெட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் பத்தை எண்களாக வைத்தார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, ரி 9, டி 0. ஆகவே 3 மணியில் ஜி மட்டும் இருந்தால் முதலாவது ஸ்ராம்பர். ஆர்-எம் என்றிருந்தால் இருபத்துநாலாவது. வெட்டு 1, தாய் 1, ஸ்ராம்பர் ஜி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தத் தட்டு இயந்திரத்திலிருந்து முதலில் இறங்கிய குவியலைச் சேர்ந்தது.

இந்தச் சூத்திரத்தை டம்டம் தட்டுகளுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். இந்திய அச்சில் மூன்று சாட்சிகளை ஒன்றாக நிறுத்த வேண்டும்: வளையத்து எண், லேபலின் விளிம்பைச் சுற்றி ஓடும் சிறிய எழுத்து, அட்டை. விளிம்பெழுத்தில் கொம்பனியின் பெயருக்குள் ‘பிரைவேட்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதே காலத்தைப் பிரிக்கும் ஒரு கோடு. அந்தச் சொல் உள்ளவை முந்தியவை. பிந்திய லேபலும் முந்திய அட்டையும் சேர்ந்து வந்தால், யாரோ இரண்டு தட்டுகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வளையத்தை வாசிப்பதற்கு மேல்விளக்கு உதவாது. அறையை இருட்டாக்கி, சிறு ரோர்ச்சைத் தட்டுக்கு ஏறக்குறையச் சமதளமாக, பக்கவாட்டில் பிடியுங்கள். கீறலின் ஒரு கரை ஒளிரும், மறு கரை நிழலாகும். தட்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாசியுங்கள். தொலைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்தால் ஆர் எழுத்தா பி எழுத்தா என்ற சந்தேகம் தீரும். எழுத்து கையால் கீறியதா, இயந்திரத்தால் குத்தியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலி அச்சு பெரும்பாலும் பிடிபடுவது அங்கேதான்: அசலில் சீரான குத்தெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோணலான கைக்கீறல் இருக்கும்.

விலை ஏறுவது எதனால்

மூன்று தட்டுகளைப் பார்த்தால் போதும்.

பீற்றில்ஸின் முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’ பார்லபோனில் ஆர் 4949 என்ற எண்ணோடு 1962 ஒக்ரோபர் 5இல் வந்தது. லேபல் சிவப்பு. 1963இல் மறு அச்சு வந்தபோது லேபல் கறுப்பாகிவிட்டது. 1982இல் இருபதாம் ஆண்டுக்காக மீண்டும் வெளியிட்டபோது பழையபடி சிவப்பு. சிவப்பைக் கண்டதும் காசை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். காதாலேயே பிரிக்கலாம்: 1962 முதல் அச்சில் மத்தளம் வாசிப்பவர் ரிங்கோ ஸ்ரார், சலங்கை கட்டிய கைப்பறையான ரம்பொரின் ஒலி இல்லை. 1982இன் ஏழு அங்குலத் தட்டில் இருப்பது அன்டி வைட் வாசித்த பதிவு. அதில் ரம்பொரின் தெளிவாகக் கேட்கும். வானொலி நிலையங்களுக்குக் கொடுத்த முன்னோட்டப் பிரதி இன்னும் அரிது. ஏறக்குறைய 250 பிரதிகள்தான். பாட்டை இயற்றியவர்களில் ஒருவரான மக்கார்ட்னியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும். அச்சுப்பிழைதான் அதன் அடையாளம்.

செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் ‘கோட் சேவ் த குயின்’ 1977 மார்ச்சில் ஏ அன்ட் எம் நிறுவனத்துக்காக ஏறக்குறைய 25,000 பிரதிகள் அச்சாகி, ஒப்பந்தம் முறிந்ததால் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அதே பாட்டை வேர்ஜின் நிறுவனம் சில கிழமைகளில் வெளியிட்டது; அந்த அச்சு எங்கும் கிடைக்கிறது. தப்பிப் பிழைத்த ஏ அன்ட் எம் பிரதிக்கு ஆயிரக்கணக்கான பிரித்தானியப் பவுண். இரண்டிலும் அதே பாட்டு.

மூன்றாவது, அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனக் குழுமத்தின் சோல் என்ற லேபலுக்காக (வெளியீட்டுப் பெயருக்காக) 1965இல் அச்சாகி வெளியாகாமலே போன பிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’. எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரதிகள். 2009இல் ஒன்று 25,742 பவுணுக்கு ஏலம் போனது. இங்கே அரிதாக இருப்பது மட்டும் காரணமில்லை. வட இங்கிலாந்தின் நடன மண்டபங்களில் அந்தப் பாட்டுக்கு ஒரு தலைமுறையே ஆடியது. யாரும் தேடாத தட்டு ஒரே ஒரு பிரதி இருந்தாலும் அது வெறும் தட்டுத்தான். அரிதும் ஆசையும் ஒரே தட்டில் சந்திக்கும்போதுதான் விலை பிறக்கிறது. பிறந்த விலையைத் தட்டின் நிலை காப்பாற்றும், அல்லது கொன்றுவிடும்.

தமிழ்த் தட்டுகளுக்கு இதையே பொருத்திப் பாருங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் பிரபல படங்களின் ஈ.பி.க்கள் ஏராளமாக அச்சாகின. பாட்டு பிரபலமானது என்பதாலேயே தட்டு மலிவு. ஓடாத படம், இசையமைப்பாளருக்குப் பின்னாளில் பெயர் வந்தது என்றால் நிலைமை தலைகீழ். 1970களில் பொலிடோர், இன்ரெக்கோ என்ற போட்டி லேபல்கள் வந்தன, 1980களில் எக்கோ. அந்தப் பத்தாண்டில் வீடுகள் கசெற்றுக்கு மாறிவிட்டதால் கடைசிக் காலத் தட்டுகள் குறைவாகவே விற்றன. இளையராஜாவின் 1980கள் ஈ.பி.க்களை இன்று பலர் தேடுவதற்கு இசையோடு இந்தக் கணக்கும் காரணம்.

நம் நாட்டுத் தட்டுகளுக்கு எங்கள் சிபாரிசு வெளிப்படையானது: 1970களின் ஈழத்துப் பொப்பிசை, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பாடல்கள் உள்ள எந்தத் தட்டு கிடைத்தாலும் நிலை பார்க்காமல் எடுங்கள். சந்தை சிறியது, வாங்கியவர் தொகை சிறியது, போரில் வீடுகளோடு அழிந்தவை போக எஞ்சியது இன்னும் சிறியது. கீறல் விழுந்த பிரதியும் ஆவணம்தான்.

திருகோணமலையில் எங்கே தேடுவது

இங்குள்ள கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் இலங்கையிடம் கைமாற்றினார்கள். ஆகவே அவர்கள் விட்டுச்சென்றவற்றில் 78 தட்டுகளே பெரும்பாலும் இருக்கும். 45 இருந்தால் அது முக்கோண நடுக் காலம், கவனமாகப் பாருங்கள். அதற்குப் பிந்திய ஆங்கிலத் தட்டுகளைத் துறைமுகத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த குடும்பங்களின் வீடுகளில் தேட வேண்டும். உவர்மலைப் பக்கப் பழைய வீடுகளைத் திருத்தும்போதும் விற்கும்போதும் பெட்டிகள் வெளியே வரும். பழைய இரும்பு, போத்தல் எடுப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் கண்ணுக்கு அது நிறைக்குப் போகாத பிளாஸ்டிக். நீங்கள் கேட்டால்தான் தனியே எடுத்து வைப்பார்கள்.

இன்னொரு இடம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களின் வீடு. கலியாணம், கோயில் திருவிழா, சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். தொகை பெரிதாக இருக்கும், அரிய படங்களும் இருக்கும். ஆனால் கனமான ஊசிக் கையில் நூற்றுக்கணக்கான தடவை ஓடிய தட்டுகள் அவை. பக்கத்தின் முதல் சில வரிகள் ஊசி விழுந்து விழுந்து வெளுத்திருக்கும். வாங்கலாம், கீழ்நிலை விலைக்கு.

வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரோடு இருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்ப்பதே முறை. ‘ஐயா, இது ஆர் வாங்கினது, எப்ப வாங்கினது?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத் திகதியோடு எழுதிவையுங்கள். சேகரிப்பில் அதற்கும் பெறுமதி உண்டு. முழுப் பெட்டிக்கும் ஒரு விலை சொன்னால், அதில் நல்ல தட்டு இருப்பதை மறைத்து வாங்காதீர்கள். ஊர் சிறியது, அடுத்த வீடு கதவைத் திறக்காது; அதைவிட, அது சரியும் இல்லை.

உறையில் உள்ள முத்திரைகளை வாசியுங்கள். கடை முத்திரையில் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதக் குடியரசுக்கு முந்தியது. சில கடைகள் பழைய முத்திரையைத் தொடர்ந்து பாவித்திருக்கலாம் என்பதால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். வானொலி நூலக முத்திரை என்றால் ரேடியோ சிலோன் என்ற பெயர் 1967க்கு முன், சிலோன் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1967 முதல் 1972 வரை, அதன் பின் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். இப்படி முத்திரை உள்ள தட்டு முறைப்படி வெளியேறியதா என்று கேட்டறியாமல் காசு கொடுக்காதீர்கள்.

வாங்குமுன் சோதிக்கும் ஒழுங்கு

1. உறையிலிருந்து இழுக்காமல், உறையைச் சற்று விரித்துத் தட்டைச் சரியவிடுங்கள். விளிம்பும் லேபலும் மட்டுமே கையில் படவேண்டும்.

2. வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, தட்டைக் கண்மட்டத்துக்குக் கீழே சரித்துப் பிடியுங்கள். நல்ல தட்டில் ஒளி கத்தி போல ஒற்றைக் கோடாகச் சுற்றும். தேய்ந்த தட்டில் அந்தக் கோடு பரவி, வரிகள் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். கீறலைவிட இந்தச் சாம்பல் மோசம். கீறல் ஒரு சொடக்கு; சாம்பல் பாட்டு முழுக்க இரைச்சல்.

3. கீறலின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடக்கினால் ஊசியும் தடக்கும்.

4. நடுத்துளையைச் சுற்றி லேபலில் மயிர்போன்ற கோடுகளைத் தேடுங்கள். தட்டைச் சுழல்தண்டில் இறக்கத் தடவிய ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு விழும். ‘ஒருநாளும் போடாத தட்டு’ என்று விற்பவர் சொல்லலாம். அந்தக் கோடுகள் உண்மையைச் சொல்லும்.

5. தட்டையான கண்ணாடி மேசையில் வையுங்கள். விளிம்பு கிண்ணம்போல மேலே நிற்கிறதா, ஓரிடத்தில் மட்டும் அலைபோல எழும்புகிறதா என்று பாருங்கள். கிண்ண வளைவு பெரும்பாலும் ஓடும். குறுகிய, கூர்மையான அலை ஊசியைத் தூக்கி எறியும்.

6. விளிம்பு முழுவதையும் விரல் நுனியால் சுற்றித் தடவுங்கள். மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. வெடித்த தட்டை ஓடவிடாதீர்கள், ஊசி முறியும்.

7. அமெரிக்கச் சிங்கிள் என்றால் அது வைனிலா, ஸ்ரைரீனா என்று பாருங்கள். ஸ்ரைரீன் தட்டு விறைப்பாக இருக்கும், லேபல் மேலே ஒட்டினதுபோல இருக்கும், தட்டினால் கிண் என்ற மெல்லிய ஒலி. மழுங்கிய ஊசி ஒருமுறை ஓடினாலே அதில் இரைச்சல் நிலைத்துவிடும். கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நிலையைக் குறிக்க உலகம் முழுக்கக் கோல்ட்மைன் தரவரிசை பாவிக்கிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வீஜீ (வெரி குட்) பிளஸ், வீஜீ, குட், பூவர். நியர் மின்ட் பிரதிக்கு 100 என்றால் வீஜீ பிளசுக்கு ஏறக்குறைய 50, வீஜீக்கு 25, குட் என்றால் 10 முதல் 15. ‘குட்’ என்ற பெயரில் ஏமாறாதீர்கள். அது நல்ல தட்டல்ல. தட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனியாகத் தரம் எழுதுங்கள்.

கழுவுதல்

கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கரையோரக் கிணறுகளின் உவர் காய்ந்தால் வரிகளுக்குள் வெள்ளை உப்பாகப் படியும். கழுவாததைவிட அது கேடு. பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை, முத்திரை உடையாத போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். அமிலம் கலந்து விற்கும் பற்றரித் திரவம் வேறு, லேபலை வாசியுங்கள்.

400 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 100 மில்லிலீற்றர் சுத்தமான ஐசோபுரொப்பைல் அற்ககோல், வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. இந்த அளவு முப்பது நாற்பது சிங்கிளுக்குப் போதும். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம். கைச் சுத்திகரிப்பான் திரவத்தில் கிளிசரின் இருக்கும், அதுவும் வேண்டாம். அரக்குத் தட்டான 78இல் அற்ககோல் ஒரு துளிகூடப் படக்கூடாது: அரக்கைக் கரைத்துவிடும். அதற்கும் ஸ்ரைரீனுக்கும் தண்ணீரும் திரவத் துளியும் மட்டும்.

லேபலின் அளவுக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடி இரண்டை, ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் அகலத்தில், இருபுறமும் வைத்து அழுத்திப் பிடித்தால் கடதாசி நனையாது. மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையை நனைத்து, வரி ஓடும் திசையிலேயே ஐந்தாறு சுற்று. குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் இருமுறை அலசல். இந்த அலசலைத் தவிர்ப்பவர்களே பிறகு ‘கழுவின பிறகு இரைச்சல் கூடிவிட்டது’ என்பார்கள். காய்ந்த சவர்க்காரத்தைத்தான் ஊசி உழுகிறது. நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுத்து, பாத்திரம் காயவைக்கும் தட்டில் நிமிர்த்தி நிழலில் காயவிடுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படவேண்டாம், தூசு ஒட்டும்.

பூஞ்சணம் பிடித்த தட்டை வீட்டுக்குள் தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டு, முற்றத்தில் உலர்தூரிகையால் முதலில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். பழைய உள்ளுறையை எறிந்துவிடுங்கள், அதில் வித்து மிச்சம் இருக்கும்.

2004 சுனாமியில் நனைந்த பெட்டிகள் இன்றும் அகப்படுகின்றன. தட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். அட்டைக்குள் ஊறிய கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அட்டை ஒருபோதும் முழுதாகக் காயாது. தட்டை மூன்று நான்கு முறை அலசிப் புது உறையில் போடுங்கள். அட்டையை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தட்டோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

ஓடவிடும் கருவி

45க்கும் ஈ.பி.க்கும் நுண்வரி ஊசி, ஏறக்குறைய 18 மைக்ரோன் முனை. 78க்கு 75 மைக்ரோன். மாற்றிப் போட்டால் தட்டும் போகும் ஊசியும் போகும். ஊசியின் பாரம் உற்பத்தியாளர் சொன்ன அளவில், பெரும்பாலும் 1.5 முதல் 3 கிராமுக்குள் இருக்க வேண்டும்; மலிவான எண்காட்டித் தராசு ஒன்றை வாங்கி அளந்து வையுங்கள். பழைய செரமிக் பிக்கப் உள்ள ரேடியோகிராமில் அரிய தட்டைப் போட வேண்டாம். அந்தப் பெட்டி அழகானது, பாதுகாத்து வையுங்கள். அதன் ஊசிப் பாரம் தட்டுக்கு ஆகாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய சுழல்மேசை இங்கே மெதுவாக ஓடினால் அது பழுதல்ல. அந்த வகை மோட்டர் மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றும். அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், பாட்டும் சுருதி இறங்கிவிடும். 50 ஹேர்ட்சுக்கான கப்பி மாற்ற வேண்டும். அதோடு 110 வோல்ற்றுக்கு மாற்றியும் தேவை. வேகத்தைச் சரிபார்க்க, 133 கோடுகள் அச்சிட்ட ஸ்ரோப் என்ற வட்டத்தைச் சுழல்மேசையில் வைத்து, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய நியோன் குமிழின் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் 45 சரி. எல்.ஈ.டி. குமிழ்கள் பல இதற்கு உதவா.

ஊசிக்கை ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமும் ஆடி, நீட்டிப் பாடும் சுரத்தின் சுருதி ஏறி இறங்கினால் துளை நடுவில் இல்லை. அது அச்சுக் குறை. கழுவியோ அழுத்தியோ தீராது.

இந்த ஊரில் வைக்கும் விதம்

சுவடிக்கூடங்கள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கும். கார்த்திகை மார்கழியில் குளிரூட்டி இல்லாத திருகோணமலை வீட்டில் அது நடக்காது. 60க்குள் வைத்தால் போதும். பூஞ்சணம் தழைப்பது அதற்கு மேலே. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, சிறிய ஈரமானி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் 110 பாகை அவணில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தித் திரும்பப் போடலாம். பெட்டி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைத் தொடாமல் இருக்கட்டும். கறையானும் சுவர் ஈரமும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. கடலைப் பார்த்த யன்னல் உள்ள அறை வேண்டாம்.

உள்ளுறைக்குப் பொலித்தீன். மினுமினுக்கும் மெத்தென்ற பீ.வீ.சீ. உறை வேண்டவே வேண்டாம்: அதன் இளக்கி எண்ணெய் கசிந்து தட்டின்மேல் பால்போன்ற மூட்டத்தை விடும், கழுவினாலும் போகாது. பூச்சி உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி ஸ்ரைரீனை இளக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆபத்து வேறு. பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணித்தியாலத்துக்குள் தட்டு அப்பளம்போல நெளியும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து வெயிலில் நிமிர்த்தலாம் என்று சொல்வார்கள். மலிவுத் தட்டில் வேண்டுமானால் செய்து பாருங்கள். வெப்பம் சற்று மிஞ்சினாலும் வரிகள் மழுங்கும், திரும்ப எடுக்க வழியில்லை.

விலை பார்த்தல், அனுப்புதல்

டிஸ்கொக்ஸ், 45கட் (45cat) ஆகிய இணையத் தளங்களில் வளையத்து எண்ணைக் கொண்டு தேடுங்கள். பாட்டின் பெயரால் தேடினால் பத்து அச்சு வரும். அதில் விலை கூடினதையே மனம் தெரிவு செய்யும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். பொப்சைக் தளத்தில் பழைய ஏல விலைகள் கிடைக்கும். அதிலும் உச்ச விலையை விட்டுவிட்டு நடு விலையை எடுத்து, உங்கள் பிரதியின் தரத்துக்கு ஏற்பக் குறையுங்கள்.

தபாலில் வாங்கினால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: இரு லேபல், இரு வளையம். வளையத்துப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அனுப்பும்போது தட்டை அட்டைக்குள் வைக்காதீர்கள். வழியில் குலுங்கித் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழிக்கும். தட்டைத் தனி உள்ளுறையில் போட்டு அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பொலித்தீன் உறைக்குள் செருகுங்கள். 19 சென்ரிமீற்றர் சதுரத்தில் தடித்த மட்டை நான்கு வெட்டி, அவற்றின் நெளிவு வரி ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் வைத்து, நான்கு மூலைகளையும் ரேப்பால் கட்டி, அதன் மேல் நீர்புகா உறை போடுங்கள். மாரிக்காலத்தில் தபால் சாக்கு நனைந்துதான் வரும்.